விற்கும் முன் வீட்டில் எதைச் சரிசெய்வது? ஜொகூர் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஜொகூரில் ஒரு வீட்டை விற்க முடிவெடுத்த குடும்பத்தில் விலைக்கு அடுத்தபடியாக எழும் பேச்சு இதுதான்: இருக்கிறபடியே விற்றுவிடுவதா, கொஞ்சம் பணம் போட்டுச் சீர்செய்த பிறகு விற்பதா? அடுப்படியை மாற்றினால் விலை ஏறும் என்பார் ஒருவர். சாயம் பூசினால் போதும் என்பார் இன்னொருவர். வாங்குகிறவர் எப்படியும் இடித்துக் கட்டத்தான் போகிறார், ஒரு காசும் செலவழிக்காதே என்பார் மூன்றாமவர். மூன்றுமே ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியான ஆலோசனைதான். எந்த வீட்டுக்கு எது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு, தோட்டத்தை விட்டு வந்த தலைமுறை சேர்த்த ஒரே பெரிய சொத்து வீடுதான். 1980களின் தொடக்கத்திலிருந்து 1998 வரை மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளியாக இருந்தது. அந்த விலையில் வாங்கிய வீடுகளையும், தாமான் யுனிவர்சிட்டி, மாசாய், உலு திராம், கூலாய் என்று பிற்பாடு வாங்கிய வரிசை வீடுகளையும் இன்று பிள்ளைகள் விற்கிறார்கள். பேரப்பிள்ளைகளின் படிப்பு, அண்ணன் தம்பி பாகம், வயதான காலத்து மருத்துவச் செலவு எல்லாம் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கின்றன. தவறான இடத்தில் போட்ட 40,000 வெள்ளி அதிலிருந்துதான் கழியும். அதனால் அண்டை வீட்டார் செய்தார் என்பதற்காக நாமும் செய்யாமல், கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

வாங்க வருகிறவர் யார்?

ஜொகூர் வீட்டு விலை என்றாலே சிங்கப்பூர் பேச்சு வந்துவிடுகிறது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில் பாதையும், 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் வீட்டுக்காரர்களின் எதிர்பார்ப்பை உயர்த்தியிருக்கின்றன. சிங்கப்பூர்க்காரர் வந்து கேட்ட விலையைக் கொடுப்பார் என்ற நம்பிக்கையில் பெரும் செலவு செய்பவர்கள் ஒரு விதியை மறந்துவிடுகிறார்கள். ஜொகூரில் வெளிநாட்டவர் பொதுவாக 10 லட்சம் வெள்ளிக்குக் குறைந்த வீட்டை வாங்க முடியாது. சாதாரணத் தாமான் வீடுகளில் பெரும்பாலானவை அந்த விலையை எட்டாதவை. அவற்றை வாங்கப் போகிறவர் மலேசியர்தான்.

அந்த மலேசியரில் மூன்று வகையினர் உண்டு. முதல் வகை, உள்ளூரில் சம்பாதிக்கும் இளம் தம்பதியர். விலையில் 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டி, லாயர் கட்டணமும் கொடுத்து முடிக்கும்போது அவர்கள் கையில் அதிகம் மிஞ்சியிருக்காது. வங்கி வீட்டு விலைக்குக் கடன் தருகிறது. பழுது பார்க்கும் செலவுக்கு அவர்கள் வேறு வழி தேட வேண்டும். ஆகவே சாவி கைக்கு வந்ததும் குடிபுகக்கூடிய வீடுதான் அவர்களுக்குத் தேவை. தண்ணீர் ஒழுங்காக வரும் குளியலறை, சமைக்கத் தகுந்த அடுப்படி, கிரில் போட்ட சன்னல்கள் ஆகியவற்றுக்கு அவர்கள் விலை கொடுப்பார்கள்.

இரண்டாம் வகை, சிங்கப்பூரில் வேலை பார்த்து அந்த ஊர் வெள்ளியில் சம்பளம் வாங்குகிற மலேசியர். அவரிடம் பணமும் இருக்கும், வீட்டை எப்படி மாற்றுவது என்ற திட்டமும் இருக்கும். நீங்கள் புதிதாகப் போட்ட கேபினெட்டை அவர் முதல் மாதமே கழற்றிவிடக்கூடும். மூலை வீடா, நிலம் எத்தனை அடி, சோதனைச் சாவடிக்கு எவ்வளவு நேரம், சுவர்கள் உறுதியானவையா என்றுதான் அவர் பார்ப்பார். மூன்றாம் வகை, வாடகைக்கு விடுவதற்காக வாங்குகிறவர். மாத வாடகையை மாதத் தவணையோடு வைத்துப் பார்க்கிற அவருக்கு அழகைவிடப் பழுதில்லாமை முக்கியம்.

உங்கள் வரிசையில் கடைசியாகக் கைமாறிய மூன்று நான்கு வீடுகளை யார் வாங்கினார்கள், வாங்கியபின் என்ன செய்தார்கள் என்று விசாரித்தால் உங்கள் வீட்டுக்கு எந்த வகையினர் வருவார்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். வந்தவர்கள் சுவரை இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தால் அலங்காரச் செலவு வீண். அப்படியே குடிபுகுந்திருந்தால் சிறு சீரமைப்புக்கு இடமுண்டு.

விலைக்கு வரம்பு போடுவது வங்கி

விற்பவரும் வாங்குபவரும் எந்த விலையையும் பேசி முடிக்கலாம். ஆனால் கடன் கொடுக்கும் வங்கி அந்த விலையை அப்படியே ஏற்றுக்கொள்ளாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், அதே வட்டாரத்தில் அண்மையில் விற்ற ஒத்த வீடுகளின் விலைகளை எடுத்து, பரப்பு, நிலை, சீரமைப்பு ஆகியவற்றுக்குக் கூட்டிக் கழித்து ஒரு மதிப்பைச் சொல்வார். புதிய அடுப்படிக்காக அவர் சற்றுக் கூட்டலாம். நீங்கள் கொடுத்த பில் தொகை முழுவதையும் கூட்டமாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டு. நீங்கள் 4 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி கேட்கிறீர்கள், வாங்குபவரும் சம்மதிக்கிறார். வங்கியின் மதிப்பீடு 4 லட்சத்து 40 ஆயிரம் என்று வருகிறது. 90 விழுக்காடு கடன் என்றால் அவருக்குக் கிடைப்பது 3 லட்சத்து 96 ஆயிரம். 48,000 வெள்ளி முன்பணம் என்று நினைத்து வந்தவர் இப்போது 84,000 வெள்ளி ரொக்கம் புரட்ட வேண்டும். இங்கேதான் பல விற்பனைகள் முறிகின்றன. ஒப்பந்தத்தில் விலையை உயர்த்திக் காட்டிக் கூடுதல் கடன் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதை ஏற்கக்கூடாது. அது வங்கியை ஏமாற்றும் செயல், இரு தரப்பையும் சிக்கலில் மாட்டிவிடும்.

ஆகவே செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, தெருவின் உச்ச விலையைத் தெரிந்துகொள்வது. நிதியமைச்சின் கீழ் இயங்கும் மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறை நாட்டில் பதிவாகும் விற்பனைகளைத் தொகுத்து வெளியிடுகிறது. வீட்டு விளம்பரங்களில் காண்பது கேட்கும் விலை, அங்கே காண்பது கொடுத்த விலை. உங்கள் தாமானில் நன்றாகச் சீர்செய்த வீடே 4 லட்சத்து 50 ஆயிரத்துக்குத்தான் போயிருக்கிறது, சீர்செய்யாத வீடு 4 லட்சத்து 20 ஆயிரத்துக்குப் போயிருக்கிறது என்றால், இரண்டுக்கும் இடையிலான 30,000 வெள்ளிதான் சீரமைப்பால் கிடைக்கக்கூடிய மொத்தப் பலன். 60,000 வெள்ளி போட்டு அதைப் பெறுவதில் பொருளில்லை.

இந்தக் கணக்கில் 5 லட்சம் வெள்ளி என்ற கோட்டுக்குத் தனி இடமுண்டு. 5 லட்சம் வெள்ளி வரை விலையுள்ள வீட்டைத் தம் முதல் வீடாக வாங்கும் மலேசியருக்கு முத்திரை வரி விலக்கு 2021 முதல் நடப்பில் இருக்கிறது. 2027 இறுதிவரை அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விலை 5 லட்சத்து 20 ஆயிரம் ஆனால் விலக்கு போய்விடும். உரிமை மாற்றத்துக்கு 9,600 வெள்ளி, 90 விழுக்காடு கடன் ஒப்பந்தத்துக்கு 2,340 வெள்ளி என்று ஏறத்தாழ 12,000 வெள்ளியை வாங்குபவர் கூடுதலாகக் கட்ட வேண்டும். 4 லட்சத்து 90 ஆயிரத்துக்குப் போகக்கூடிய வீட்டை 30,000 வெள்ளி செலவில் அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளுவது, முதல் வீடு தேடும் இளையோர் கூட்டத்தையே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்புவதாகும்.

கண்ணுக்குத் தெரியாத பழுதுகள்

பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லோஃப் 1970-இல் எழுதிய கட்டுரை ஒன்று பழைய கார் சந்தையை ஆராய்ந்தது. பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் மோசமானதை எதிர்பார்த்தே விலையைக் குறைத்துக் கேட்கிறார், நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காமல் போகிறது என்று அவர் காட்டினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பழைய வீட்டுச் சந்தைக்கும் இது அப்படியே பொருந்தும். வாங்க வருகிறவர் மனத்தில் ஓடுவது விருப்பத்தைவிட அச்சம்தான். கூரைக்குள் என்ன இருக்கிறது, சுவருக்குள் ஓடும் ஒயர் எத்தனை ஆண்டுப் பழசு என்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஒவ்வொன்றுக்கும் அவர் மனத்துக்குள் ஒரு தொகையைக் கழித்துக்கொள்கிறார், அந்தத் தொகை உண்மையான பழுதுச் செலவைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். இந்த இடைவெளியில்தான் விற்பவரின் லாபம் இருக்கிறது. அச்சத்தைப் போக்கும் செலவு போட்டதைவிட அதிகமாகத் திரும்பி வர வாய்ப்புண்டு. நம் ரசனையைக் காட்டும் செலவு பெரும்பாலும் திரும்புவதில்லை.

மழையும் ஈரமும் ஓயாத ஜொகூரில் முதல் அச்சம் ஒழுகல். சீலிங்கில் பழுப்பு வளையமாகப் படிந்த ஒரு கறை போதும், வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு மற்ற அறைகளில் கறையைத்தான் தேடுவார். உடைந்த ஓட்டையும், துருப்பிடித்த தகர வாய்க்காலையும் மாற்றுவது பல வீடுகளில் ஓரிரு நாள் வேலை. ஒழுகலை நிறுத்தாமல் கறைமேல் சாயம் பூசுவது இரட்டை நட்டம். அடுத்த பெருமழையில் கறை மீண்டும் வரும், அதோடு உங்கள் சொல்மீது இருந்த நம்பிக்கையும் போகும்.

இரண்டாவது கரையான். தீபகற்ப மலேசியாவில் கட்டடங்களை அதிகம் தின்பது காப்டோடெர்மெஸ் கெஸ்ட்ரோய் என்னும் நிலத்தடிக் கரையான். மரச் சட்டங்களும் மர நிலைகளும் கொண்ட பழைய வரிசை வீடுகள் அதற்கு நல்ல இரை. அனுபவமுள்ளவர் வீடு பார்க்க வந்தால் குளியலறைக் கதவின் நிலையில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். திடமான மரம் கணீரென்று ஒலிக்கும். கரையான் உள்ளே தின்று மேல்தோலை மட்டும் விட்டிருந்தால் ஓசை பொத்தென்று வரும், அழுத்தினால் சாயப் படலம் உள்ளே போகும். சுவர் மூலையில் பென்சில் பருமனில் ஏறும் மண் தாரையும் அதன் அடையாளம். சிகிச்சை செய்து, உத்தரவாதச் சான்றிதழை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டால் அந்த அச்சத்துக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

மூன்றாவது மின்சாரமும் தண்ணீரும். குளிர்சாதனம் இல்லாத காலத்தில் போட்ட வயரிங் இன்று இரண்டு மூன்று குளிர்சாதனங்களையும் தண்ணீர்ச் சூடேற்றியையும் தாங்குகிறது. மின்கசிவைத் துண்டிக்கும் கருவி வேலை செய்கிறதா, சுவிட்ச் பெட்டியில் கருகல் உண்டா என்று பதிவு பெற்ற மின் குத்தகையாளரைக் கொண்டு சோதித்துப் பழுதானதை மட்டும் மாற்றினால் போதும். வீடு முழுக்க வயரிங்கைப் பிடுங்கிப் புதிதாகப் போடுவது, ஆபத்து இருந்தால் ஒழிய, விற்பவரின் வேலையல்ல. பழைய இரும்புக் குழாய்கள் உள்ளே துருவேறினால் காலையில் முதலில் வரும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். வந்தவர் திறந்து பார்க்கப் போவது அந்தக் குழாயைத்தான்.

பின்பக்க நீட்டிப்பும் அனுமதியும்

மலேசிய வரிசை வீடுகளில் மிகப் பரவலான மாற்றம், பின்முற்றத்தை மூடி அடுப்படியை நீட்டுவது. அதற்கடுத்தது கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரை. 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70-ஆம் பிரிவின்படி இத்தகைய கட்டுமானத்துக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங் மாநகர் மன்றங்களானாலும், கூலாய், குளுவாங் போன்ற நகராண்மைக் கழகங்களானாலும் விதி இதுவே. அனுமதியின்றிக் கட்டிய பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடலாம். வாங்குபவரின் லாயர் அதைச் சுட்டிக்காட்டி விலையைக் குறைக்கச் சொல்லலாம். மன்றம் இடிக்கச் சொன்னால் புதிய உரிமையாளர்தான் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்பதால் அவர் தயங்குவது நியாயமே.

ஜொகூருக்கே உரிய ஒரு செய்தியும் இதோடு சேர்கிறது. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் மதிப்பீட்டு வரி, வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஜொகூரில் நிலமும் அதன்மேல் எழுந்த கட்டடமும் சேர்ந்த மேம்பட்ட மதிப்பே அடிப்படை. நீட்டிப்பு பதிவானால் மதிப்பும் வரியும் ஏறும் என்று அஞ்சியே சிலர் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள். அன்று மிச்சம் பிடித்த தொகையைவிட இன்று விலைப் பேரத்தில் இழப்பது அதிகம்.

அனுமதியில்லாத நீட்டிப்பு ஏற்கெனவே இருந்தால், பதிவு பெற்ற வரைபடக் கலைஞர் அல்லது கட்டடக் கலைஞர் மூலம் மன்றத்தை அணுகி, அபராதம் கட்டி முறைப்படுத்த முடியுமா என்று கேட்பதே முதல் செலவாக இருக்கட்டும். புதிதாக நீட்டுவதை விற்பனைக்காகச் செய்ய வேண்டாம் என்பதே என் முடிவு. அனுமதி கிடைக்கக் காலமாகும், கட்டக் காலமாகும், பலனும் உறுதியில்லை. இன்னொரு கேடும் உண்டு. பின்பக்கத்தை முழுதாக மூடிய வீடுகளில் நடு அறையின் சன்னல் வானத்தைப் பார்க்காமல் அடுப்படியைப் பார்க்கிறது. பகலிலும் விளக்குப் போட வேண்டிய அறை, தாளிப்பு நெடி போகாத அறை. சன்னல் பரப்பு அறையின் தரைப்பரப்பில் குறைந்தது 10 விழுக்காடு இருக்க வேண்டும் என்று 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைவிதிகள் சொல்வது இதற்காகத்தான். அத்தகைய வீட்டில் கூரையில் ஒளி ஊடுருவும் தகட்டைப் பொருத்தி, காற்றுப் போக வழி திறந்து வைப்பது, புதிய கேபினெட் போடுவதைவிட நல்ல செலவு.

சாயம், குளியலறை, அடுப்படி

எந்தச் சீரமைப்பு எவ்வளவு திரும்பத் தரும் என்று அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஒரு கட்டட இதழ் கணக்கெடுக்கிறது. 2024 அறிக்கையில் சிக்கனமான அடுப்படிச் சீரமைப்பு போட்ட பணத்தில் ஏறத்தாழ 96 விழுக்காட்டைத் திருப்பித் தந்தது. ஆடம்பர அடுப்படி 38 விழுக்காட்டை மட்டுமே தந்தது. முதல் இடங்களைப் பிடித்தவை வாசல் கதவும் கார் கூடத்தின் கதவும். அமெரிக்க எண்களை ஜொகூருக்கு அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே கூலி வேறு, வீட்டு அமைப்பும் வேறு. ஆனால் அதில் தெரியும் ஒழுங்கு இங்கும் பொருந்தும்: முகப்பும் சிறு பழுதுபார்ப்பும் பலன் தரும், ஆடம்பரம் தராது.

இதை நம் வீட்டுக்கு மாற்றிப் பார்ப்போம். வெள்ளை அல்லது இளம் சாம்பல் நிறச் சாயம் உள்ளும் புறமும். துருப்பிடித்த கேட்டைத் தேய்த்துக் கறுப்புச் சாயம். எரியாத விளக்குகளுக்குப் பதில் புதியவை. வாய்க்காலும் வாசலும் சுத்தம். வளர்ந்து கூரையைத் தொடும் மாமரக் கிளையை வெட்டுதல். இவை குறைந்த செலவில் கூடிய பலன் தருபவை. குளியலறையில் டைல்ஸ் முழுவதையும் மாற்றாமல், இடுக்குகளின் கறுப்பைச் சுரண்டிப் புதிய பூச்சு கொடுத்து, கழிப்பிருக்கையின் மூடியையும் குழாய்களையும் மாற்றலாம். அடுப்படியில் கேபினெட் உடல் நன்றாக இருந்தால் கதவுகளையும் கைப்பிடிகளையும் மட்டும் மாற்றலாம். உளுத்துப்போயிருந்தால் அகற்றிவிட்டு, எளிய மேடையும் தொட்டியும் போட்டால் போதும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பத்து இருபது ஆண்டு சேர்ந்த பழைய சாமான்களை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு லாரி வாடகைதான், ஆனால் அறைகள் உடனே பெரிதாகத் தெரியும்.

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று சாமி அறை. படிக்கட்டுக்கு அடியில் பளிங்குக் கல் பதித்து, மணி தொங்கும் கதவு வைத்துக் கட்டியிருப்பார்கள். வாங்குகிறவர் இந்துவாக இருந்தால் அது அப்படியே வரவேற்கப்படும். ஜொகூர்ச் சந்தையில் வாங்குகிறவர் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அவருக்கு அதை எப்படிக் கையாள்வது என்ற தயக்கம் வரும். முறைப்படி பூசை செய்து படங்களையும் விக்கிரகங்களையும் எடுத்துச் சென்று, அந்த இடத்தைச் சாதாரணச் சுவர் அலமாரியாக மாற்றித் தருவது இரு தரப்புக்கும் மரியாதை. அதே காரணத்தால், விற்பதற்காக வாஸ்து பார்த்து வாசலை மாற்றுவதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

அடுக்குமாடியும் வெள்ளப் பகுதியும்

அடுக்குமாடி வீட்டின் கணக்கு வேறு. ஜொகூரில் விற்காமல் தேங்கிய சர்வீஸ் அபார்ட்மெண்டுகள் நாட்டிலேயே மிக அதிகமாகப் பல ஆண்டுகள் இருந்திருக்கின்றன. பழைய வீட்டை விற்பவர், சலுகையோடு புதிய வீட்டை விற்கும் நிறுவனத்தோடும் அதே கட்டடத்தின் பத்துப் பேரோடும் போட்டியிடுகிறார். அங்கே 50,000 வெள்ளி உள்ளலங்காரம் விலையை உயர்த்துவதில்லை. சாயம், குளிர்சாதனப் பராமரிப்பு, பராமரிப்புக் கட்டணப் பாக்கியைத் தீர்த்தல் ஆகியவை முன்னுரிமை பெற வேண்டும். குளியலறையிலிருந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் கசிந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள், மாறாக நிரூபிக்கப்படாதவரை, பழுது மேல்வீட்டில்தான் இருக்கிறது என்று கொள்கின்றன.

வெள்ளம் வரும் இடங்களில் நேர்மையும் சீரமைப்பின் பகுதி. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் பகுதிகளும், 2023 மார்ச்சில் பத்து பகாட், யோங் பெங் பகுதிகளும் கண்ட வெள்ளத்தை அந்த வட்டாரத்தில் வாங்க வருகிறவர் எவரும் மறந்திருக்கமாட்டார். எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று சொல்லி, மின் இணைப்புகளைச் சுவரில் மேலே ஏற்றியிருப்பதையும், கீழ்ப்பகுதியில் மரத்துக்குப் பதில் டைல்ஸ் இருப்பதையும் காட்டலாம். தண்ணீர்க் கறையைச் சாயத்தால் மறைப்பவரைவிட, இப்படி உள்ளதைச் சொல்லி விற்பவருக்கு நல்ல விலை கிடைக்க வாய்ப்புண்டு.

ரசீதும் வரியும்

சீரமைப்புச் செலவுக்கும் சொத்து லாப வரிக்கும் உள்ள தொடர்பு பலர் அறியாதது. மலேசியக் குடிமகன் வீட்டை வாங்கி 3 ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடு. ஆறாம் ஆண்டிலிருந்து வரியில்லை. இது 2022 ஜனவரி முதல் உள்ள நிலை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை முழு விலக்குக் கோரும் உரிமையும் உண்டு. வீட்டின் மதிப்பைக் கூட்டவோ காக்கவோ செய்த செலவு, விற்கும்போது வீட்டில் நிலைத்திருந்தால், அதை லாபத்திலிருந்து கழிக்கலாம். சோபா, கட்டில் போன்றவை இதில் சேரா.

3 லட்சத்து 50 ஆயிரத்துக்கு வாங்கிய வீட்டை நான்காம் ஆண்டில் 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். வேறு கழிவுகள் இல்லையென்றால் லாபம் 1 லட்சம். தனிநபர் விலக்கு 10,000 போக 90,000-க்கு வரி 18,000 வெள்ளி. கூரைக்கும் அனுமதி பெற்ற நீட்டிப்புக்கும் 30,000 வெள்ளி செலவானதற்கு ரசீது இருந்தால், லாபம் 70,000 ஆகி வரி 12,000 வெள்ளியாகக் குறையும். ரசீதின் மதிப்பு 6,000 வெள்ளி. 2025 ஜனவரி முதல் இந்த வரியை விற்பவரே கணக்கிட்டு அறிவிக்கும் முறை வந்திருப்பதால், ஆவணம் கையில் இருப்பது முன்னைவிட அவசியம்.

யாரைக் கேட்பது, யாரை வைத்துச் செய்வது?

ஏஜெண்டின் ஆலோசனையைக் கேட்க வேண்டும், ஆனால் அவருடைய நலன் எங்கே இருக்கிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். பொருளியலாளர்கள் லெவிட்டும் சைவர்சனும் சிக்காகோ வட்டாரத்தின் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். ஏஜெண்டுகள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 விழுக்காடு கூடுதல் விலை பெற்றார்கள். மலேசியாவில் கமிஷனின் உச்ச அளவு விலையில் 3 விழுக்காடு. விலை 10,000 வெள்ளி ஏறினால் நிறுவனத்துக்குக் கூடுவது 300 வெள்ளிதான். விரைவாக விற்றுவிடச் சொல்லும் ஆலோசனையை இதையும் மனத்தில் வைத்து எடைபோட வேண்டும். பதிவு அட்டை உள்ள இரண்டு மூன்று ஏஜெண்டுகளிடம், "இப்படியே விற்றால் எவ்வளவு, சாயமும் பழுதும் பார்த்தால் எவ்வளவு" என்று தனித்தனியாகக் கேட்டு, சொன்ன விலைகளை மதிப்பீடு, சொத்துச் சேவைத் துறையின் பதிவுகளோடு ஒப்பிட்டால் தெளிவு பிறக்கும்.

வேலையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதும் முக்கியம். ஜொகூர் பாரு வட்டாரத்தில் கைதேர்ந்த மேஸ்திரிகள் பலர் கூடுதல் சம்பளத்துக்குச் சிங்கப்பூர் போகிறார்கள். சொன்ன தேதியில் வேலை முடிவது அரிது. வீடு காலியாகக் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் தவணையும் நேரமும் போகின்றன. மாதம் 1,500 வெள்ளி தவணை கட்டுகிறவருக்கு மூன்று மாதத் தாமதம் 4,500 வெள்ளிச் செலவு. வேலை விவரம், தொகை, முடியும் நாள் மூன்றையும் எழுத்தில் வாங்கி, வேலை முடிய முடியப் பணம் கொடுக்க வேண்டும். குத்தகையாளர் பாதியில் விட்டுப் போனால், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை லாயர் இல்லாமலே பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் தாக்கல் செய்யலாம்.

முடிவு

மொத்தத்தையும் பார்க்கும்போது வரிசை தெளிவாகிறது. முதலில் ஆவணங்கள்: வீட்டுரிமைப் பத்திரம், நில வரி, மதிப்பீட்டு வரி, நீட்டிப்புக்கான அனுமதி. இரண்டாவது ஒழுகல், கரையான், மின்சாரம், தண்ணீர். மூன்றாவது சுத்தம், சாயம், வெளிச்சம், முகப்பு. நான்காவதாக, வருகிறவர்கள் முதல் வீடு வாங்கும் இளையோர் என்று தெரிந்தால் மட்டும், குளியலறையிலும் அடுப்படியிலும் எளிய சீரமைப்பு. அதோடு நிறுத்த வேண்டும். புதிய நீட்டிப்பு, விலையுயர்ந்த கேபினெட், அலங்கார சீலிங் ஆகியவை அங்கே வாழப்போகிறவர் தம் விருப்பப்படி செய்துகொள்ள வேண்டியவை. நிலத்துக்காகவே வாங்கி இடித்துக் கட்டும் வரிசையில் உங்கள் வீடு இருந்தால் முதல் படியோடு நின்றுவிடலாம்.

வாங்க வருகிறவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு வருகிறார். உங்களுக்குத் தெரிந்த பழுதைச் சரிசெய்யுங்கள், சரிசெய்ய இயலாததைச் சொல்லிவிட்டு அதற்கேற்ப விலை பேசுங்கள். செலவு செய்த ஒவ்வொன்றுக்கும் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.